"மசூதி வருது, தடுக்கணும்"னு சர்ச் குரூப்ல மெசேஜ் வந்தா: அமெரிக்கால இருக்கற தமிழ் ஆட்களுக்கு ஒரு கைடு

டெக்சாஸ், டென்னசி, ஜார்ஜியான்னு எங்கயோ ஒரு சபர்ப்ல இருக்கீங்க, சண்டே சர்ச்சுக்கு போறீங்க, போகாட்டியும் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அங்கிள் பிரியமா உங்களை ஊர் ஃபேஸ்புக் குரூப்ல சேத்து விட்டிருக்காரு, அப்ப என்னிக்காவது ஒரு நாள் இந்த மெசேஜ் வந்தே தீரும். "நம்ம கவுன்ட்டில பெரிய இஸ்லாமிக் சென்டர் கட்டப்போறாங்க, அடுத்தது ஷரியா சட்டம்தான், செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு எல்லாரும் வாங்க, இது கிறிஸ்தவ நாடு." கீழ வரிசையா கைகூப்பி எமோஜி. அதுல ஒண்ணு ரெண்டு நம்ம தமிழ் ஃபெலோஷிப் ஆளுங்க போட்டதா இருக்கும், அதான் வயித்தெரிச்சல்.

நானும் சிஎஸ்ஐ குடும்பத்துல பொறந்து வளந்தவன்தான், அதனால இதை வெளியில நின்னு கிறிஸ்தவங்களை திட்டறதுக்காக எழுதல. அந்த மெசேஜை பாத்து மனசு உறுத்துது ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம போனை கவுத்து வெச்சுடறவங்களுக்கு எழுதறேன். இந்து வீட்டுக்காரங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, பின்னாடி சொல்றேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. இஸ்லாம் நல்ல மதமா கெட்ட மதமான்னு வாதாட போகாதீங்க. அவங்க குர்ஆன்ல இருந்து ஒரு வசனம் எடுத்து போடுவாங்க, நீங்க விளக்கம் தேடுவீங்க, அவங்க அடுத்த வசனம் போடுவாங்க, விடிய விடிய அதுவே ஓடும், அதுக்குள்ள செவ்வாய்க்கிழமை மீட்டிங் முடிஞ்சிடும். நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "இதே ரூலை நம்ம சர்ச்சுக்கு போட்டா நாம ஒத்துக்குவோமா?" மத்த எல்லாத்தையும் இந்த கேள்விக்கே திருப்பி கொண்டு வாங்க.

விசுவாசமா அரசியலான்னு பிரிச்சு பாருங்க

"இயேசு ஒருத்தர்தான் வழி, முஸ்லிம்கள் நம்பறது தப்பு"ன்னு ஒருத்தர் சொன்னா அது அவரோட விசுவாசம். சொல்லிட்டு போகட்டும், முஸ்லிம்களும் நம்மளை பத்தி அப்படித்தான் நினைக்கறாங்க, இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. "அதனால அவங்களுக்கு பில்டிங் பர்மிட் குடுக்கக்கூடாது, நாட்டுக்குள்ள விடக்கூடாது, எலெக்‌ஷன்ல நிக்கக்கூடாது"ன்னு அடுத்த அடி வெச்சா அது அரசியல். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோட்டை பாக்க தெரியாட்டி பாதி சர்ச்சை தீவிரவாதின்னு சொல்லி சண்டை போட்டுட்டு வந்துடுவீங்க, இல்லேன்னா நிஜ தீவிரத்தை "பாவம் பக்தியான மனுஷன்"னு விட்டுடுவீங்க.

பிஆர்ஆர்ஐன்னு ஒரு சர்வே நிறுவனம் கிறிஸ்டியன் நேஷனலிசத்தை அளக்க அஞ்சு வாக்கியம் வெச்சிருக்காங்க, நமக்கும் அது உபயோகப்படும். அமெரிக்காவை கிறிஸ்தவ நாடுன்னு அரசாங்கம் அறிவிக்கணும், சட்டங்கள் கிறிஸ்தவ மதிப்பீடு மேல இருக்கணும், அந்த அஸ்திவாரத்தை விட்டா நமக்கு நாடே இருக்காது, உண்மையான அமெரிக்கனா இருக்க கிறிஸ்தவனா இருக்கறது முக்கியம், சமுதாயத்தோட எல்லா துறையையும் ஆண்டுகொள்ள தேவன் கிறிஸ்தவங்களை அழைச்சிருக்காரு. இந்த அஞ்சையும் ஏறக்குறைய முழுசா ஒத்துக்கறவங்க அமெரிக்கர்கள்ல சுமார் 10 சதவீதம், சாய்வா இருக்கறவங்க இன்னொரு 20 சதவீதம் கிட்ட. அதாவது உங்க பெஞ்சுல உக்காந்திருக்கற எல்லாரும் இல்ல, ஆனா கமிட்டில சத்தமா பேசறவங்க இவங்களா இருக்கலாம். அந்த கடைசி வாக்கியத்தை கவனிங்க, ஆதியாகமம் 1:28ல "ஆண்டுகொள்ளுங்கள்"னு வர்றது மீன், பறவை, மிருகத்தை பத்தி, கவுன்ட்டி ஆபீஸை பத்தி அங்க ஒண்ணும் இல்ல.

இது எங்கிருந்து வந்துச்சுன்னும் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 1979ல ஜெரி ஃபால்வெல்னு ஒரு பேப்டிஸ்ட் பாஸ்டர் மாரல் மெஜாரிட்டின்னு ஒரு அமைப்பு தொடங்கி பாஸ்டர்களை ஓட்டு அரசியலுக்குள்ள மொத்தமா கொண்டு வந்தாரு, அப்ப எதிரி முஸ்லிம் கிடையாது, அபார்ஷனும் ஓரினச்சேர்க்கையும் கம்யூனிசமும்தான். 2001 செப்டம்பருக்கு அப்புறம்தான் முஸ்லிம் அந்த இடத்துக்கு வர்றாங்க. பிரபல பிரசங்கியார் பில்லி கிரஹாமோட பையன் ஃபிராங்க்ளின் கிரஹாம் அந்த வருஷமே இஸ்லாமை ரொம்ப பொல்லாத மதம்னு சொன்னாரு, 2015 ஜூலைல முஸ்லிம் குடியேற்றத்தையே நிறுத்தணும்னு ஃபேஸ்புக்ல எழுதினாரு, அதே வருஷம் டிசம்பர் 7ந்தேதி டிரம்ப் அதையே தேர்தல் வாக்குறுதியா அறிவிச்சாரு. 2017 ஜனவரி 20 பதவியேற்பு மேடைல கிரஹாம் வேதம் வாசிக்கறாரு, ஏழாவது நாள் ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஏழு நாட்டுக்கு டிராவல் பேன் வருது. அப்ப பியூங்கற ஆராய்ச்சி நிறுவனம் எடுத்த சர்வேல நாட்டு மக்கள்ல 38 சதவீதம்தான் அதை ஆதரிச்சாங்க, வெள்ளைக்கார எவாஞ்சலிக்கல்ஸ் மத்தியில 76 சதவீதம். இவ்ளோ பயமும் யாரை பாத்துன்னா, மொத்த ஜனத்தொகைல சுமார் 1 சதவீதமா இருக்கற கூட்டத்தை பாத்து.

மெசேஜை சோதிச்சு பாருங்க, ஷரியான்னு வந்தா ரெண்டு தடவை

கவுன்ட்டி வெப்சைட்டுக்கு போய் பிளானிங் கமிஷன்னு தேடுங்க, மீட்டிங் அஜெண்டா போட்டிருப்பாங்க, அது கூடவே பாக்கெட்னு ஒரு பெரிய பிடிஎஃப் இருக்கும், அதுல வரைபடம், சதுர அடி, பார்க்கிங் எண்ணிக்கை, ஸ்டாஃப் என்ன சிபாரிசு பண்ணியிருக்காங்க எல்லாம் இருக்கும். பாதி வதந்தி அங்கயே செத்துடும். "500 வீடு கட்டி முஸ்லிம் நகரம்"னு சுத்தற மெசேஜுக்கு பாக்கெட்டை திறந்தா ஒரு தொழுகை கூடமும் பிள்ளைங்க விளையாட ஜிம்மும்தான் இருக்கும். உண்மையிலேயே பெரிய புராஜெக்டும் உண்டு, டாலஸுக்கு வடகிழக்கால ஜோசஃபின் பக்கத்துல 402 ஏக்கர்ல பிளேனோ மசூதிக்காரங்க திட்டம் போட்ட எபிக் சிட்டி அப்படி ஒண்ணு. 2025ல கவர்னர், அட்டர்னி ஜெனரல்னு ஆளாளுக்கு விசாரணைன்னு இறங்கினாங்க, ஒரு செங்கல் கூட வெக்கறதுக்கு முன்னாடி. மத்திய நீதித்துறையும் ஒரு விசாரணை திறந்து அடுத்த மாசமே குற்றச்சாட்டு எதுவும் இல்லாம மூடிட்டாங்க, ஆனா மூடினது எந்த வாட்ஸப் குரூப்லயும் ஃபார்வர்டு ஆகல பாருங்க.

ஷரியா பயத்துக்கு ரெண்டு கதை கையில வெச்சுக்கோங்க. ஒண்ணு ஓக்லஹோமா. 2010 நவம்பர்ல ஸ்டேட் கோர்ட்டுல ஷரியாவை பயன்படுத்தக்கூடாதுன்னு ஒரு அரசியல் சட்ட திருத்தத்தை ஓட்டுக்கு விட்டாங்க, சுமார் 70 சதவீதம் ஆமாம்னு குத்தினாங்க. வழக்கு கோர்ட்டுக்கு போனப்ப இதுவரைக்கும் ஓக்லஹோமா கோர்ட்டுல ஷரியாவை வெச்சு எந்த கேஸாவது தீர்ப்பாகியிருக்கான்னு கேள்வி வந்துச்சு, ஸ்டேட் தரப்புக்கு ஒரே ஒரு உதாரணம் கூட காட்ட முடியல. கீழ் கோர்ட் அந்த திருத்தத்துக்கு தடை போட்டுச்சு, 2012ல அப்பீல் கோர்ட்டும் அந்த தடையை உறுதி பண்ணுச்சு, 2013ல திருத்தத்தையே மொத்தமா அடிச்சு தள்ளிட்டாங்க. ரெண்டாவது டாலஸ் பக்கத்துல நம்மாளுங்க நிறைய இருக்கற இர்விங். 2015ல அங்க ஷரியா கோர்ட் வந்துடுச்சுன்னு புரளி, மேயரே அதை பத்தி எழுதினாங்க, சிட்டி கவுன்சில் 5க்கு 4னு ஒரு தீர்மானமும் போட்டாங்க. நிஜத்துல இருந்தது டாலஸ்ல ஒரு மத்தியஸ்த குழு, ரெண்டு தரப்பும் விருப்பப்பட்டு போனா மட்டும் விவாகரத்து, பிசினஸ் தகராறை பேசி முடிச்சு வைப்பாங்க, சட்டத்துக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. யூதங்களுக்கு பெத் தின்னு ஒரு மத பஞ்சாயத்து பல காலமா இருக்கு, கிறிஸ்தவ மத்தியஸ்த குழுக்களும் இருக்கு, ஊர்ல நம்ம பாஸ்டரேட் கமிட்டி குடும்ப சண்டையை உக்கார வெச்சு பேசறதில்லையா.

இன்னொண்ணு, குர்ஆன் எரிக்கற வீடியோ, முகமது நபியை கேவலமா பேசற பிரசங்கம் எது வந்தாலும், கண்டிக்கறதுக்காக கூட ஷேர் பண்ணாதீங்க. ஃப்ளோரிடா கெயின்ஸ்வில்ல டெர்ரி ஜோன்ஸ்னு ஒரு பாஸ்டர் இருந்தாரு, சபைல மொத்தமே 50 பேர் சுமார். 2010 செப்டம்பர் 11 அன்னிக்கு குர்ஆன் எரிக்கப்போறேன்னு அறிவிச்சதும் உலக டிவி எல்லாம் அவர் வாசல்ல கேமராவோட நின்னுச்சு, டிஃபன்ஸ் செக்ரட்டரி ராபர்ட் கேட்ஸே போன் பண்ணி வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. அப்ப நிறுத்திட்டு 2011 மார்ச்ல எரிச்சாங்க. ஏப்ரல் 1ந்தேதி ஆஃப்கானிஸ்தான் மசார்-இ-ஷரீஃப்ல கூட்டம் ஐநா ஆபீஸுக்குள்ள பூந்து 7 பேரை கொன்னுச்சு, அதுல நாலு பேர் நேபாளத்துல இருந்து வேலைக்கு போன செக்யூரிட்டி கார்டுங்க. கொன்னவன் பாவம் கொன்னவன் மேலதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா எரிச்சவரு சேஃபா வீட்ல தூங்கினாரு, செத்தது கூர்க்கா. 2002லயும் இதே கதைதான், ஃபால்வெல் டிவில நபியை தீவிரவாதின்னு சொல்லி வெச்சாரு, அந்த வாரமே நம்ம நாட்டுல சோலாப்பூர்ல கலவரமாகி உயிர் போச்சு. அதுக்கப்புறம் மன்னிப்பு கேட்டாரு, போனது போனதுதான்.

மீட்டிங்குக்கு போங்க, ஆனா தயாரா போங்க

அதிக நேரம் செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான், ஏன்னா ஃபேஸ்புக்ல நீங்க எழுதற நூறு கமெண்டுக்கு இல்லாத மதிப்பு அந்த ஹால்ல நீங்க பேசற மூணு நிமிஷத்துக்கு இருக்கு, அது ரெக்கார்டுல ஏறும், நாளைக்கு கேஸ் ஆனா ஜட்ஜ் படிப்பாரு.

அங்க யாரும் "எனக்கு முஸ்லிமை பிடிக்காது"ன்னு சொல்ல மாட்டாங்க, அப்படி சொல்றவங்களை எதிர்ப்பாளர்களோட வக்கீலே முன்னாடியே ஓரம் கட்டிடுவாரு. டிராஃபிக், சத்தம், தண்ணி வடிகால், செப்டிக் டேங்க், முக்கியமா பார்க்கிங் பத்திதான் பேச்சு. அதுல சிலது நியாயமானதாவும் இருக்கும், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரே நேரத்துல 200 கார் ரெண்டு லேன் ரோட்ல இறங்கினா கஷ்டம்தான், அதை இல்லேன்னு சாதிக்காதீங்க. பக்கத்துல இருக்கற பேப்டிஸ்ட் சர்ச்சுக்கும் இதே கணக்குதானான்னு மட்டும் பாருங்க.

நியூஜெர்சில பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்ல நடந்ததை படிச்சா இது நல்லா புரியும். பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமிக் சொசைட்டி 2012ல மனு குடுத்தாங்க, அதை நடத்தினவர் யாருன்னா அதே ஊருக்கு முன்னாடி மேயரா இருந்த முகமது அலி சௌத்ரி. சர்ச்சுங்களுக்கு மூணு சீட்டுக்கு ஒரு பார்க்கிங்னு ரூல், அந்த கணக்குல அவங்களுக்கு 50 போதும், ஆனா போர்டு 107 கேட்டுச்சு. பார்க்கிங் கூடினா வடிகால் மாறும், வடிகால் மாறினா வேலி மாறும், ஒண்ணை சரி பண்ணினா இன்னொண்ணு, இப்படியே 39 ஹியரிங் ஓட்டி கடைசில முடியாதுன்னுட்டாங்க. கோர்ட்டுக்கு போனதும் 2016 டிசம்பர் 31ந்தேதி ஜட்ஜ் சொல்லிட்டாரு, சர்ச்சுக்கு ஒரு அளவு மசூதிக்கு ஒரு அளவுன்னா அது பாரபட்சம்னு. 2017 மே மாசம் ஊர் 32.5 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணுச்சு, மசூதியும் கட்டிக்கோங்கன்னாங்க. இந்த தொகையை மீட்டிங்ல கண்டிப்பா சொல்லுங்க, வரி கட்டறவங்க காதுல மத சுதந்திரத்தை விட இது சீக்கிரம் ஏறும்.

அந்த கேஸுக்கு அடிப்படையா இருந்த சட்டம் பேரு ஆர்எல்யூஐபிஏ, 2000ல கிளின்டன் கையெழுத்து போட்டது, காங்கிரஸ்ல எதிர்ப்பே இல்லாம பாஸ் ஆனது. மத கட்டடங்களை மத்த கூட்டம் கூடற இடங்களை விட மோசமா நடத்தக்கூடாது, ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் வித்தியாசம் காட்டக்கூடாது, தக்க காரணமில்லாம பெரிய சுமையை ஏத்தக்கூடாதுன்னு சொல்லுது. சுவாரசியம் என்னன்னா இந்த சட்டம் வர்றதுக்கு எவாஞ்சலிக்கல் அமைப்புகளும் பாடுபட்டிருக்காங்க, சர்ச் கட்ட விடாம ஜோனிங் போர்டு (எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு முடிவு பண்ற குழு) தொல்லை குடுக்குதுன்னு.

பேச்சை எப்படி அமைக்கலாம்னா, பேரு, தெரு, எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்கன்னு முதல் வரி. அடுத்தது "நான் இன்ன சர்ச் மெம்பர்"னு சொல்லுங்க, சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, அந்த ஹால்ல ஒரு கிறிஸ்தவர் எழுந்து ஆதரவா பேசறது பத்து முஸ்லிம் பேசறதுக்கு சமம், இது அநியாயம்தான் ஆனா நடப்பு அப்படி. அப்புறம் ஸ்டாஃப் ரிப்போர்ட்ல இருந்து ஒரு நம்பர், பக்கத்து சர்ச்சுக்கு போன வருஷம் குடுத்த அனுமதில இருந்து ஒரு நம்பர், ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு ஒரு வரி, தேங்க்யூ சொல்லி உக்காந்துடுங்க. பயங்கரவாதத்தை பத்தி நீங்களா எடுக்காதீங்க, "எல்லா முஸ்லிமும் கெட்டவங்க இல்ல"ன்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, அங்க உக்காந்திருக்கற டாக்டர் அஷ்ரஃப் மாதிரி ஆளுங்களுக்கு அதுவே அவமானம். கைதட்டாதீங்க, எதிர் தரப்பு பேசும்போது சிரிக்காதீங்க. நேர்ல போக முடியாட்டி கடைசி தேதிக்குள்ள ஈமெயில் அனுப்புங்க, அதுவும் ரெக்கார்டுதான்.

இஸ்லாம் ஒரு மதமே இல்ல, அது அரசியல் இயக்கம், அதனால மத சுதந்திரம் பொருந்தாதுன்னு ஒருத்தர் கட்டாயம் எழுந்திருப்பாரு. இதோட பிறப்பிடம் மாதிரி ஒரு ஊர் இருக்கு, டென்னசில மர்ஃப்ரீஸ்பரோ. அங்க முஸ்லிம்கள் வருஷக்கணக்கா வாடகை இடத்துல தொழுதுட்டு இருந்தாங்க, யாருக்கும் பிரச்சனை இல்ல. 2010 மே மாசம் கவுன்ட்டி புது கட்டடத்துக்கு அனுமதி குடுத்துச்சு, அந்த வருஷம் எலெக்‌ஷன் வருஷம் வேற. காங்கிரஸுக்கு நின்ன ஒரு வேட்பாளர் மசூதி எதிர்ப்பையே பிரசாரமா எடுத்தாங்க, கவர்னருக்கு நின்ன லெஃப்டினன்ட் கவர்னர் ரான் ராம்சி இது மதமா, தேசியமா, இல்ல ஒரு கல்ட்டான்னு மேடைல யோசிச்சு காட்டினாரு, டிவி பிரசங்கியார் பாட் ராபர்ட்சன் தன்னோட டிவில இவங்க சிட்டி கவுன்சிலை பிடிச்சுடுவாங்கன்னாரு. ஆகஸ்ட்ல யாரோ கட்டட வண்டிக்கு தீ வெச்சாங்க. கேஸ் போட்டவங்க வக்கீல் கோர்ட்டுல இஸ்லாம் மதம்தான்னு நிரூபிங்கன்னு கேட்டாரு, கடைசில மத்திய நீதித்துறை "ஆமாங்க, இஸ்லாம் ஒரு மதம்தான்"னு எழுத்துல தாக்கல் பண்ண வேண்டியதா போச்சு, 2010ல, அமெரிக்கால! இழுத்து இழுத்து 2012 ஆகஸ்ட்ல ரம்ஜான் முடியறதுக்குள்ள மசூதி திறந்தாங்க, 2014ல சுப்ரீம் கோர்ட் எதிர்ப்பாளர் மனுவை எடுக்கவே இல்ல. அந்த வேட்பாளரும் ராம்சியும் கட்சிக்குள்ள நடக்கற பிரைமரி தேர்தல்லயே தோத்தாங்க. அந்த ஊரு இன்னும் இருக்கு, கவுன்சிலையும் யாரும் பிடிக்கல.

சர்ச்சுக்குள்ள பேசறது

குரூப்ல வெச்சு பதில் போடாதீங்க. நம்மாளுங்களை நாலு பேர் முன்னாடி திருத்தினா அவங்க மாற மாட்டாங்க, கௌரவத்துக்காக இன்னும் கெட்டியா பிடிச்சுப்பாங்க. மெசேஜ் போட்ட பிரதருக்கு தனியா போன் பண்ணுங்க, குசலம் விசாரிச்சுட்டு, "அண்ணே, அந்த ஃபார்வர்டு சரிதானான்னு பாத்தீங்களா, நான் கவுன்ட்டி பேப்பரை படிச்சேன், வேற மாதிரி இருக்கு"ன்னு ஆரம்பிங்க. அவர் விசுவாசியா இருந்தா "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக"ங்கறது அவருக்கு மனப்பாடம், நீங்க முழுசா சொல்ல கூட தேவையில்ல.

பாஸ்டர் பேப்டிஸ்டா இருந்தா அவங்க வரலாறையே எடுத்து குடுங்க. இங்கிலாந்துல முதல் பேப்டிஸ்ட் சபையை தொடங்கின தாமஸ் ஹெல்விஸ் 1612ல ராஜா ஜேம்ஸுக்கே எழுதினாரு, ஒருத்தன் யூதனோ துருக்கனோ யாரா வேணா இருக்கட்டும், கடவுளுக்கும் அவனுக்கும் நடுவுல ராஜாவுக்கு வேலை இல்லன்னு. துருக்கன்னா அந்த காலத்துல முஸ்லிம். அதுக்காக ஜெயிலுக்கு போய் அங்கயே செத்தாரு. வர்ஜீனியால ஜான் லேலாண்ட்னு இன்னொரு பேப்டிஸ்ட் பிரசங்கியாரும் இதையேதான் சொன்னாரு. ஸ்தாபகர்கள் கிறிஸ்தவ நாடாத்தான் கட்டினாங்கன்னு யாராவது சொன்னா 1797ல செனட் ஒருமனதா ஏத்துக்கிட்ட டிரிப்போலி ஒப்பந்தத்தை காட்டுங்க, அமெரிக்க அரசாங்கம் எந்த அர்த்தத்துலயும் கிறிஸ்தவ மதத்து மேல நிறுவப்படலன்னு 11வது பிரிவு, ஜான் ஆடம்ஸ் கையெழுத்து.

இந்த மரபு இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்கு. மேல சொன்ன பெர்னார்ட்ஸ் கேஸ்ல அப்ப சதர்ன் பேப்டிஸ்ட் சபைங்களோட பொது விவகார பிரிவுக்கு தலைவரா இருந்த ரஸ்ஸல் மூர் மசூதிக்கு ஆதரவா கோர்ட்டுல கையெழுத்து போட்டாரு, 2016 மாநாட்டுல ஒரு பாஸ்டர் எழுந்து எப்படி இப்படி பண்ணலாம்னு கேட்டதுக்கு, மசூதியை தடுக்கற அதிகாரம் இருக்கற அரசாங்கம் நம்ம சர்ச்சையும் தடுக்கும்ங்கற மாதிரி பதில் சொன்னாரு, ஹால்ல கைதட்டல். ஆனா அதே மனுல கையெழுத்து போட்ட அவங்க மிஷன் போர்டோட தலைவர் அடுத்த வருஷமே அதுக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாச்சு, காணிக்கை குடுக்கற சபைங்க முகம் சுளிச்சதால. பாஸ்டர் தனியா உங்ககிட்ட ஒத்துக்கிட்டு பிரசங்கத்துல வாயை திறக்காட்டி ஏன்னு இப்ப புரியும், அவர் மேல கோபப்படறதுக்கு முன்னாடி அவர் சம்பளம் யார் குடுக்கறாங்கன்னு யோசிங்க. அவருக்கு தைரியம் வர மெம்ஃபிஸ் கதையை சொல்லுங்க. மர்ஃப்ரீஸ்பரோல தீ வெச்ச அதே 2010, அதே டென்னசி, மூணு நாலு மணி நேர டிரைவ்ல ஹார்ட்சாங் சர்ச் பாஸ்டர் ஸ்டீவ் ஸ்டோன், பக்கத்துல இஸ்லாமிக் சென்டர் வருதுன்னு தெரிஞ்சதும் முன்னாடியே வரவேற்பு போர்டு வெச்சிருந்தாரு, கட்டடம் ரெடியாகலன்னதும் ரம்ஜான் தொழுகைக்கு சர்ச் ஹாலையே குடுத்தாரு. சில குடும்பங்க சபையை விட்டு போச்சு, சபை ஒண்ணும் மூடல.

"அவங்க நாட்டுல நம்மளை விடறாங்களா?"

இது வரும், இதுக்கு மழுப்பாதீங்க. பாகிஸ்தான்ல ஆசியா பீபி 2010ல தூக்கு தண்டனை வாங்கி 2018 வரைக்கும் ஜெயில்ல இருந்தது உண்மை. மட்டக்களப்பு சீயோன் சர்ச்சுல, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல, நீர்கொழும்புல 2019 ஈஸ்டர் அன்னிக்கு குண்டு வெச்சது உண்மை, 250 பேருக்கு மேல செத்தாங்க, அதுல எத்தனை தமிழ் குடும்பம், எத்தனை சண்டே ஸ்கூல் பிள்ளைங்க. இதை சொல்றவர் இலங்கை தமிழரா இருந்தா முதல்ல கேளுங்க, முழுசா கேளுங்க, புள்ளிவிவரம் பேசாதீங்க. அப்புறமா ரெண்டு விஷயம் சொல்லலாம். ஆசியா பீபிக்காக பேசினதுக்கு 2011ல சுட்டுக்கொல்லப்பட்ட பஞ்சாப் கவர்னர் சல்மான் தஸீர் ஒரு முஸ்லிம். ஈஸ்டருக்கு அப்புறம் மே மாசம் குருநாகல், மினுவாங்கொடை பக்கம் கும்பல் எரிச்ச முஸ்லிம் கடைங்க குண்டு வெச்சவனோடது கிடையாது. பெர்னார்ட்ஸ்ல மசூதிக்கு அனுமதி கேட்டு அலைஞ்ச பெரியவருக்கும் பாகிஸ்தான் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்க நம்மளை நடத்தறது தப்புன்னா, அதையே இங்க நாம காப்பி அடிக்கறது எப்படி சரியாகும்னு கேளுங்க, நிறைய பேர் அங்க கொஞ்சம் நிப்பாங்க.

இந்து நண்பர்களுக்கு. ஊர் அரசியலை மனசுல வெச்சுக்கிட்டு "முஸ்லிமைத்தானே சொல்றாங்க"ன்னு இந்த கூட்டத்தோட தலையாட்டறவங்களை டாலஸ்லயும் ஹூஸ்டன்லயும் நான் பாக்கறேன். 2007 ஜூலைல செனட்ல முதல் தடவையா ராஜன் ஜெட் இந்து பிரார்த்தனை சொன்னப்ப கேலரில இருந்து சத்தம் போட்டு குறுக்கிட்டவங்க கிறிஸ்தவ போராட்டக்காரங்க. சுகர் லேண்ட்ல 90 அடி அனுமார் சிலை 2024ல வந்ததும் சர்ச் ஆளுங்க போய் எதிர்ப்பு காட்டினாங்க, அடுத்த வருஷம் செனட்டுக்கு நிக்க வந்த ஒருத்தர் இது கிறிஸ்தவ நாடு, பொய் தெய்வத்து சிலை எதுக்குன்னு பதிவு போட்டாரு. 2001 செப்டம்பர் 15ந்தேதி அரிசோனா மேசால சுடப்பட்ட பல்பீர் சிங் சோதி சீக்கியர், சுட்டவன் தலைப்பாகையை பாத்தான், அவ்ளோதான். உங்க கோயில் எக்ஸ்டென்ஷன் மனுவும் ஒரு நாள் அதே போர்டு முன்னாடிதான் வரும், அதே பார்க்கிங் கேள்வியோட.

எது போலீசுக்கு, எது இல்ல

இந்த நாட்டுல வெறுப்பா பேசறது மட்டும் குற்றம் கிடையாது, நம்ம ஊர் மாதிரி மத உணர்வை புண்படுத்தினதா கேஸ் போட முடியாது, அதனால ஒவ்வொரு பதிவுக்கும் போலீசை கூப்பிடாதீங்க. மிரட்டல், கட்டடத்தை சேதம் பண்றது, தொழ வர்றவங்களை வழிமறிக்கறது வேற கணக்கு. மதத்தை காரணமா வெச்சு வழிபாட்டு இடத்துக்கு தீ வெக்கறது 1996 சட்டப்படி ஃபெடரல் குற்றம், எந்த மதமா இருந்தாலும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதி நேரத்தோட சேமிச்சு, லோக்கல் போலீசுக்கும் எஃப்பிஐ ஆன்லைன் டிப்ஸ் பக்கத்துக்கும் அனுப்புங்க, அதுக்கு முன்னாடி மசூதி நிர்வாகத்துக்கு ஒரு போன் போடுங்க, அவங்களுக்கு தெரியாம நீங்களா ஹீரோ ஆகாதீங்க. ஜோனிங்ல பாரபட்சம் நடக்கற மாதிரி தெரிஞ்சா நீதித்துறை சிவில் ரைட்ஸ் பிரிவுல புகார் குடுக்கலாம், பாதிக்கப்பட்டவங்க குடுக்கறது நல்லது, நீங்க பேப்பர் சேத்து குடுத்து உதவுங்க.

எச்1பி, எஃப்1ல இருக்கறவங்க ஹியரிங்ல பேசலாமான்னு கேப்பாங்க. பப்ளிக் கமெண்ட்டுக்கு சிட்டிசன்ஷிப் கேக்கற வழக்கம் இல்ல, சில ஊர்ல அந்த கவுன்ட்டில குடியிருக்கணும்னு மட்டும் கேப்பாங்க, அஜெண்டாலயே போட்டிருக்கும். ஆனா 2025ல பேச்சுக்காகவே சில மாணவர்கள் விசா ரத்தானதை பாத்தோம், அதனால ரோட்ல நிக்கற போராட்டம், கோஷம்னு வந்தா முதல்ல ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுட்டு போங்க. தயக்கமா இருந்தா முன்னாடி நிக்க வேண்டாம், பாக்கெட்டை படிச்சு நம்பர் எடுத்து பேசப்போற சிட்டிசன் நண்பருக்கு எழுதி குடுங்க, அந்த வேலைக்குத்தான் எப்பவும் ஆள் பத்தறதில்ல.